போர்வையற்ற கதவுகள்

நுழையும்முன்

கதவு என்றவுடன் கள்வருக்கு எதிரான காவலே நம் நினைவுக்கு வருகிறது. மலையூர்களில் கதவுக்கு மற்றொரு பணியும் உண்டு; அது குளிரைத் தடுப்பது. முதற்பணியை நன்கு செய்யும் இரும்புத் தகட்டுக் கதவு இரண்டாம் பணியில் ஏன் தோற்கிறது என்பதைப் பழனிமலைத் தொடரின் கடைத்தெரு ஒன்றிலிருந்து விளக்குகிறது இக்கட்டுரை.

வேர்க்கும் கதவு

மார்கழி மாதத்து விடியற்காலை. கொடைக்கானல் கடைத்தெருவில் மளிகைக்கடை ஒன்றின் முன் தேநீர்க் கோப்பையுடன் நின்றிருந்தேன். கடைக்காரர் குனிந்து பூட்டைத் திறந்து, தகட்டுக் கதவை இரு கைகளாலும் மேலே தள்ளினார். கதவு கடகடவெனச் சுருண்டு ஏறியது. ஏறும்போதே அதன் உட்புறத்திலிருந்து நீர்த்துளிகள் உதிர்ந்து அவர் தோளை நனைத்தன. வாயிலை ஒட்டி அடுக்கியிருந்த பூண்டு மூட்டைகளின் சாக்குகளும் ஈரமாயிருந்தன. “இரவில் மழையா?” என்று கேட்டேன்.

“மழை எங்க சார் பெஞ்சுச்சு? இது கதவுக்கு வேர்க்குது. தெனமும் தொடைச்சு மாளல” என்றார் அவர்.

குளிரில் நாம் நடுங்கிக்கொண்டிருக்க, கதவுக்கு மட்டும் வேர்ப்பானேன்? கூரையில் ஓட்டை இல்லை. சுவரில் கசிவு இல்லை. நீர் வந்த வழியை அறிய முதலில் கதவைப் பற்றி அறிய வேண்டும்.

பலகை போய்த் தகடு வந்தது

தமிழகக் கடைத்தெருக்களில் நெடுங்காலம் பலகைக் கதவுகளே இருந்தன. கீழ்ப்படியிலும் மேல்விட்டத்திலும் பள்ளம் வெட்டி, நெடிய பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அதில் செருகுவர். வரிசை மாறினால் பொருந்தாது என்பதால் ஒவ்வொரு பலகையிலும் எண் பொறித்திருக்கும். காலையில் பலகைகளைக் கழற்றி அடுக்குவதற்கும் இரவில் மீண்டும் செருகுவதற்கும் கடைப்பையன் ஒருவன் வேண்டும்.

அந்த வேலையை ஒரே இழுப்பில் முடித்துவைத்தது சுருள்கதவு. வழக்கில் அதனை ஷட்டர் என்கிறோம். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டை நீண்ட பட்டைகளாக வளைத்து, ஒன்றன் விளிம்பை மற்றொன்றின் விளிம்பில் கோத்து அமைப்பது அது. மேலே உள்ள உருளைக்குள் சுருள்வில் இருக்கிறது. கதவை இறக்கும்போது வில் முறுக்கேறுகிறது. ஏற்றும்போது அம்முறுக்கே கதவின் எடையைத் தாங்குகிறது. அதனால்தான் ஒருவர் தனியே அதைத் தூக்க முடிகிறது.

இதற்கு உறவான மற்றொரு வகை பகுதிக் கதவு. வணிகர் அதைச் செக்ஷனல் கதவு என்பர். அகன்ற நாலைந்து தகட்டுப் பகுதிகளைக் கிடைமட்டமாக அடுக்கிக் கீல்களால் இணைத்திருப்பர். இருபுறமும் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓட, கதவு நிமிர்ந்து ஏறிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். 1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான்சன் என்பவர் உருவாக்கிய மேல்நோக்கித் திறக்கும் கதவிலிருந்து இவ்வகை பரவியது. ஊர்திக் கொட்டகைகள், பணிமனைகள், கிடங்குகள் ஆகியவற்றில் இதனைக் காணலாம். சுருள்கதவு சுருள்கிறது, பகுதிக் கதவு மடங்குகிறது. இவ்வேறுபாட்டைப் பின்னர் நாம் பயன்படுத்தப் போகிறோம்.

இத்தகடுகளைப் பேச்சுவழக்கில் தகரம் என்கிறோம். அது முழுதும் சரியன்று. தகரம் என்பது வெள்ளீயம் என்னும் வேறோர் உலோகம். நம் கதவிலும் கூரையிலும் இருப்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் பூசும் முறைக்குப் பிரான்சு நாட்டின் சோரல் 1837இல் காப்புரிமை பெற்றார். நெளிதகட்டுக்கு இலண்டனைச் சேர்ந்த பாமர் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே காப்புரிமை பெற்றிருந்தார். மெல்லிய தகடும் துருவைத் தடுக்கும் பூச்சும் சேர்ந்தபின் தகடு உலகெங்கும் கூரையாயிற்று, கொடைக்கானலிலும் ஏறியது. 1845இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் அங்கே முதல் வீடுகளை எழுப்பியபோது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. மனிதரும் விலங்குகளும் சுமந்து ஏற வேண்டிய ஊரில், சுமையைக் குறைக்கும் எப்பொருளுக்கும் மதிப்பு உண்டு. ஓட்டைவிடத் தகடு எடை குறைந்தது.

எனினும் பழைய மலைவாழிடங்களில் தகட்டுக் கூரையிட்ட வீடுகளுக்குள் சென்று அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் தகடு தெரியாது. மரப்பலகை வேய்ந்த உள்கூரையே தெரியும். தகட்டுக்கும் பலகைக்கும் இடையில் காற்று நிற்க இடம் விட்டுக் கட்டினார்கள். கூரைக்குச் செய்த இந்த உதவியைக் கடைவாயிலுக்கு நாம் செய்யவில்லை.

பேகன் அறிந்தது

பழனிமலைப் பகுதியின் பழம்பெயர் பொதினி. அதனை ஆண்ட ஆவியர் குலத் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததை நாம் கொடைமடத்துக்குச் சான்றாகப் படித்திருக்கிறோம். இங்கு அதையே வெப்பவியலுக்குச் சான்றாகக் கொள்வோம். போர்வை எதைத் தருகிறது? நெருப்பைப்போல் அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. போர்வையின் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே அந்த வேலையைச் செய்கிறது.

கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில், மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் செயல்படுகிறது. அங்கு வளரும் ஆட்டின் கம்பளியை எஃகோடு ஒப்பிடுவோம். ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதை அதன் வெப்பக் கடத்துதிறன் சொல்லும். எஃகுக்கு அது ஏறத்தாழ 50, செங்கல்லுக்கு 0.7, மரத்துக்கு 0.15; கம்பளிக்கு 0.04; அசையாத காற்றுக்கு 0.025. ஒரே தடிமனில் எடுத்துக்கொண்டால் எஃகு மரத்தைவிட முந்நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. பழைய பலகைக் கதவு கடைக்குப் போட்ட மெல்லிய போர்வை. தகட்டுக் கதவோ போர்வையற்றது.

“அப்படியானால் தடித்த தகட்டைப் போட்டால் போகிறது” என்று தோன்றும். கடைக்காரர்கள் அவ்வாறே எண்ணிக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். தகட்டின் தடிமனைக் கேஜ் என்னும் எண்ணால் சொல்வது வழக்கம். இருபது கேஜ் தகடு ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர், பதினெட்டு கேஜ் 1.2 மில்லிமீட்டர். எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதை நினைவில் கொள்க. தெரியாமல் ஏமாறுவோர் உண்டு. தடித்த தகட்டை நெம்புவது கடினம். ஆகவே கள்வரைத் தடுக்க அது பயன்படும். குளிருக்கு அது ஒரு பொருட்டே அன்று.

இதைச் சிறு கணக்கால் காணலாம். வெப்பம் கதவைக் கடக்கும்போது மூன்று தடைகளைச் சந்திக்கிறது: உட்புறத்தில் தகட்டை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப்படலம், தகடு, வெளிப்புறக் காற்றுப்படலம். இரு காற்றுப்படலங்களின் தடையும் சேர்ந்து 0.17 அலகு. ஒரு மில்லிமீட்டர் எஃகின் தடையோ 0.00002 அலகு. காற்றுப்படலங்கள் தரும் தடையில் 8,500இல் ஒரு பங்கைத்தான் தகடு தருகிறது! தகட்டின் தடிமனை இருமடங்காக்கினால் அது 8,500இல் இரண்டு பங்காகும். வெப்பத்தைப் பொறுத்தவரை அவ்வாயிலில் கதவு இருப்பதும், காற்றை மட்டும் நிறுத்தும் ஒரு தாள் இருப்பதும் ஒன்றே.

மூன்று மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உடைய கடைவாயிலை எடுத்துக்கொள்வோம். உள்ளே 16 டிகிரி செல்சியஸ், வெளியே 8 டிகிரி. இது கொடைக்கானலின் குளிர்கால இரவுக்கு மிகையான கற்பனையன்று. தை மாதத்தில் ஏரிக்கரைப் புல்வெளிகளில் உறைபனியே படியும். அந்நிலையில் தகட்டுக் கதவின் வழியே ஏறத்தாழ 350 வாட் வெப்பம் இடைவிடாமல் வெளியேறும். அதே பரப்பில் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் இருந்தால் 120 வாட் வெளியேறும். பட்டைகளின் இணைப்பிலும் தரையோரத்திலும் உள்ள இடுக்குகளின் வழியே காற்று புகுவது இக்கணக்கில் சேரவில்லை.

இச்சிக்கலுக்கு இன்னொரு காரணம் நம் நிலவியல். கடல்மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரச் செல்லும்போது வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. மலையடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குக்கும் இங்குக்கும் பன்னிரண்டு டிகிரி அளவுக்கு வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டு ஊர்களிலும் மாட்டுவது ஒரே கதவு. சமவெளியின் பட்டறையில் சமவெளியை மனத்தில் வைத்துச் செய்த கதவு சரக்குந்தில் மலையேறிவிடுகிறது. சமவெளியிலும் அது நல்ல கதவு என்று சொல்ல முடியாது. சித்திரை மாதத்தில் மேற்குப் பார்த்த கடையின் ஷட்டரை மாலையில் தொட்டவர்களுக்கு அது தெரியும். இரவு வந்ததும் அந்தச் சூடு ஆறிவிடும் என்பதே அங்குள்ளோருக்கு ஆறுதல்.

நீர் வந்த வழி

இப்போது கடைக்காரரின் கேள்விக்குத் திரும்புவோம். காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. வெதுவெதுப்பான காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 16 டிகிரியில் ஒரு கனமீட்டர்க் காற்று அதிகமாக 13.6 கிராம் நீராவியைக் கொள்ளும். 10 டிகிரியில் அதன் கொள்ளளவு 9.4 கிராம். மூடிய கடைக்குள் மனிதர் மூச்சு விடுகிறார்கள், தேநீர் கொதிக்கிறது, காய்கறி, பூண்டு, ஈரச்சாக்கு அனைத்தும் நீராவியை வெளியிடுகின்றன. உள்ளே ஈரப்பதம் 80 விழுக்காடு இருப்பதாகக் கொண்டால் ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 10.9 கிராம் நீராவி இருக்கும். இக்காற்று பன்னிரண்டரை டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராவி நீராக மாறத் தொடங்கும். அவ்வெப்பநிலையைப் பனிநிலை என்பர்.

மேற்கண்ட கணக்கின்படி தகட்டின் உட்புறம் 10 டிகிரிக்கு வந்துவிடுகிறது. பனிநிலையைவிட இது தாழ்வு. எனவே கதவைத் தொடும் காற்றிலிருந்து ஒவ்வொரு கனமீட்டருக்கும் ஒன்றரை கிராம் நீர் கதவில் படிகிறது. தொட்ட காற்று விலக, புதுக்காற்று வந்து தொட, விடியும்வரை இது தொடர்கிறது. செங்கற்சுவர் இந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆதலால் கதவு மட்டும் வேர்க்கிறது. முகில் இல்லாத இரவில் தகடு தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். வெளியே நிறுத்திய ஊர்திகளின் கூரையில் காலையில் பனி பூத்திருப்பதும் இதனால்தான்.

அந்த நீர் என்ன செய்கிறது? கதவின் வளைவுகளில் வழிந்து கடைசிப் பட்டையில் தேங்குகிறது. பூசிய துத்தநாகம் முதலில் வெளுத்துப் பொடிகிறது. பிறகு இரும்பு சிவக்கிறது. பழைய ஷட்டர்களில் கீழ்விளிம்பு முதலில் அரித்துப்போயிருப்பதைக் காணலாம். மழைத் தெறிப்பின் மீது மட்டும் பழி போடுகிறோம். உட்புற வேர்வைக்கும் அதில் பங்குண்டு.

துருவைவிடப் பெரிய இழப்பு பூண்டுக்கு நேர்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மலையூர்களில் விளையும் இப்பூண்டின் சிறப்புகளுள் ஒன்று, நெடுநாள் கெடாமல் இருப்பது. அதற்கு உலர்ந்த இடம் வேண்டும். மலையூர்களில் பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுவது பழைய முறை. புகையும் வெம்மையும் ஈரத்தை அண்டவிடா. விதைப்பூண்டையும் அவ்வாறே காப்பர். அப்படிக் காத்த பொருளைக் கடைக்குக் கொண்டுவந்து, இரவெல்லாம் நீர் சொட்டும் தகட்டுக்கு அருகில் அடுக்கினால் பூசணம் பிடிக்கும், முளைவிடும். ஓர் உழவர் குடும்பத்தின் பல மாத உழைப்பு ஒரு மில்லிமீட்டர்த் தகட்டால் கெடுவதைக் காண்பது எளிதன்று.

கணப்புச் சட்டி

பூண்டு கெட்டால் பணம் போகும். இனிச் சொல்வது உயிர் பற்றியது.

கடும்பனியில் வாயில்களை அடைத்து, அகன்ற வாயுடைய தடவில் நெருப்பிட்டு மக்கள் குளிர்காய்வதை நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுகிறார். தடவு என்பது கணப்புச் சட்டி. அது இன்றும் வழக்கில் உள்ளது. கடையிலேயே படுக்கும் பணியாளர்களும், பணிமனைக் காவலர்களும், சுற்றுலா வந்து அறையில் தங்குவோரும் குளிர் தாங்காமல் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவை இறக்கிவிடுகிறார்கள். கதவு வெப்பத்தை நிறுத்தாததால் எவ்வளவு கரி போட்டாலும் குளிர் அடங்குவதில்லை. மேலும் கரி போடுகிறார்கள்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வளி உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. புகை அடங்கிக் கரி செந்தணலாகிய பின்னும் அது வெளிவரும். குருதியில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இதனைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பின் சோர்வு, பின் உறக்கம். உறங்கியவர் தம் உடலில் நிகழ்வதை அறியார். இவ்வாறு உயிரிழந்தோர் செய்தி குளிர்காலத்தில் நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. பழைய ஷட்டரின் இடுக்குகள் குளிரை விட்டன; அதே இடுக்குகள் நச்சுவளி சிறிதேனும் வெளியேறவும் வழி விட்டன. குளிரைத் தடுக்க எண்ணி அந்த இடுக்குகளைச் சாக்கும் துணியும் கொண்டு அடைத்துவிட்டு, கணப்புச் சட்டியை மட்டும் உள்ளேயே வைத்திருப்பவரே மிகப்பெரும் ஆபத்தில் இருக்கிறார். கதவைச் செம்மை செய்ய விரும்புவோர் முதலில் அகற்ற வேண்டியது கரியடுப்பை. மூடிய அறைக்குள் கரியடுப்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

கதவுக்குப் போர்வை

போர்வை எல்லாக் கதவுக்கும் தேவையா? இல்லை. பகல் முழுதும் திறந்தே கிடக்கும் ஜீப் கொட்டகைக்கோ, விறகு அடுக்கும் இடத்துக்கோ, வந்த சரக்கு அன்றே இறங்கிப் போகும் மண்டிக்கோ வெறும் தகடு போதும். உள்ளும் புறமும் ஒரே குளிராய் இருக்குமிடத்தில் வெப்பக்காப்புக்குச் செய்யும் செலவு வீண். தகட்டுக் கதவைக் குறைகூறுவோர் அதன் நன்மைகளையும் எண்ண வேண்டும். விலை குறைவு, கறையான் அரிக்காது, எளிதில் தீப்பற்றாது, பட்டை நசுங்கினால் உள்ளூர்ப் பற்றவைப்பாளரே சரிசெய்துவிடுவார். மனிதர் தங்கும் இடமும் ஈரம் ஆகாத பொருளைச் சேமிக்கும் இடமுமே போர்வை கேட்பவை.

பகுதிக் கதவின் சிறப்பு இங்குதான் வெளிப்படுகிறது. அதன் பகுதிகள் சுருள்வதில்லை. எனவே ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தகடுகளால் செய்து நடுவே நுரைப்பொருளை நிரப்ப முடியும். 40 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை நிரப்பினால், முன்பு கண்ட 350 வாட் இழப்பு கணக்கின்படி 35 வாட்டுக்குக் குறைகிறது. விளிம்புகளில் உள்தகடும் வெளித்தகடும் தொடும் இடங்களில் வெப்பம் கசிவதால் நடைமுறையில் இதைவிடச் சற்று மிகும். உட்தகடு 15 டிகிரிக்குக் குறையாது. பனிநிலைக்கு மேலே இருப்பதால் வேர்ப்பதும் இல்லை. சுருள்கதவில் இவ்வளவு தடிமனை நிரப்பினால் அது உருளையில் சுற்றாது. நுரை நிரப்பிய சுருள்கதவுகளும் உள்ளன. அவற்றின் பட்டைகள் மெல்லியவையாதலால் காப்பும் குறைவு.

புதுக்கதவு வாங்கச் சிறுகடைக்காரரிடம் பணம் இராது. அவர் பெரும்பாலும் செய்வது, சாக்கையோ கம்பளியையோ ஷட்டரின் உட்புறத்தில் ஒட்டித் தொங்கவிடுவது. நல்ல எண்ணம், ஆனால் பாதிப் பயன். சாக்கு வெப்பத்தைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. சாக்குக்குப் பின்னால் தகடு முன்னைவிடவும் குளிர்ந்திருக்க, இழைகளின் வழியே ஊடுருவிய நீராவி அங்கே படிந்து சாக்கையே நனைத்துவிடும். சில நாளில் முடைநாற்றம் வீசும். போர்வையின் உட்புறத்தில், அதாவது வெதுவெதுப்பான பக்கத்தில், நீராவி புகாத தாள் ஒன்று இருக்க வேண்டும். நுரைக்கதவில் உட்தகடே அப்பணியைச் செய்துவிடுகிறது.

சாக்கைவிடச் சிறந்தது, கதவுக்கு உட்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு மற்றொரு மரக்கதவு அமைப்பது. பழைய வீடுகளின் உள்கூரை செய்த வேலையை இது நின்றபடி செய்யும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின்மேல், வாயிலிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்க வேண்டும். பகலில் வெயில் ஏறியதும் கதவை முழுதும் திறந்து உள்காற்றை மாற்ற வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

அந்த மளிகைக் கடைக்காரரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் பின்கட்டுக்குள் சென்று தூசி படிந்த பலகை ஒன்றை எடுத்துவந்தார். ஷட்டர் போட்ட நாளில் அவருடைய தந்தையார் கழற்றி வைத்த கடைப்பலகை. ஏழு என்னும் எண் அதில் இன்னும் தெரிந்தது. மறு ஆண்டு மார்கழியில் சென்றபோது, ஷட்டருக்கு உள்ளே ஒரு சாண் தள்ளிப் பள்ளம் வெட்டி ஒன்றுமுதல் பதினொன்றுவரை பலகைகள் வரிசையாக நின்றன. பன்னிரண்டாம் பலகையைக் கறையான் தின்றுவிட்டதாம். அவ்விடத்தில் புதுப்பலகை போட்டிருந்தார். ஷட்டர் அன்றும் வேர்த்திருந்தது. பலகையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது.